ஈஸி சேரில் ஒரு டான்யூப் பயணம்

பாஸாவ் முதல் வியன்னா வரை, சாய்ந்தபடி, மூன்று சக்கரத்தில், கொஞ்சம் மின்சாரத் துணையோடு

முதல் பார்வையில் அதை ஒரு வண்டி என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. திண்ணையில் கிடக்கும் ஈஸி சேரை எடுத்து, தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் நிறுத்தி, முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் மாட்டிவிட்டது போல இருக்கும். ஓட்டுகிறவர் முதுகைச் சாய்த்துக் காலை முன்னால் நீட்டிக்கொள்கிறார். பெடல் பாதத்துக்குக் கீழே இல்லை. நேர் எதிரே இருக்கிறது. ஹாண்டில்பார் மார்புக்கு முன்னால் இல்லை. கைகள் இயல்பாகத் தொங்கும் இடத்தில், சீட்டின் இரு பக்கமும் இருக்கிறது. பின்னால் ஒரு நீளக் கம்பத்தில் ஆரஞ்சு நிறக் கொடி படபடக்கிறது. கார்க்காரர்கள் கண்ணில் வண்டி படாவிட்டாலும் கொடியாவது படட்டும் என்றுதான்.

ஆங்கிலத்தில் இதற்கு ரிகம்பன்ட் டிரைக் என்று பெயர். இந்த வகை சைக்கிள்களை ஜெர்மானியர்கள் 'படுக்கை சைக்கிள்' என்ற பொருளில் லீகெராட் என்கிறார்கள். மின் மோட்டார் பொருத்திய ஒன்றில், 2024 ஜூலையில், ஜெர்மனியின் எல்லையூரான பாஸாவிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை டான்யூப் கரையோரமாக ஏழு நாட்கள் போனேன். தூரம் ஏறக்குறைய 330 கி.மீ. என் மனைவி சாதாரண மின் சைக்கிளில் கூட வந்தாள். எனக்கு வயது 63.

மூன்று சக்கரம் எதற்கு என்று கேட்கலாம். காதின் உட்பகுதியில் உடம்பின் சமநிலையைக் காக்கும் நரம்பு எனக்குச் சில வருடங்களுக்கு முன் பழுதாகிவிட்டது. நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், இருட்டில் மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் இரு சக்கர வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வயதிலிருந்து சைக்கிள் ஓட்டியவனுக்கு அது சின்னத் தண்டனை இல்லை. ஜிம்மில் நின்ற இடத்திலேயே நிற்கும் சைக்கிளை மிதித்துப் பார்த்தேன். கால் சுற்றியது, சுவர் நகரவில்லை. மூன்று சக்கர வண்டியில் விழுவதற்கு இடமே இல்லை, ஏனென்றால் ஏற்கெனவே தரையோடு தரையாகத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்தச் சாய்வு வண்டிக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. அது அதிக வேகமாகப் போனதால் வந்த கெட்ட பெயர். 1933 ஜூலையில், பெரிய சாம்பியன் என்று யாரும் எண்ணாத ஃப்ரான்ஸ்வா ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர், ஷார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டி, 1914 முதல் அசையாமல் நின்ற சாதனையை முறியடித்தார். சாய்ந்து உட்கார்ந்தால் காற்றின் எதிர்ப்பு குறையும், ரகசியம் அவ்வளவுதான். 1934-இல் சர்வதேச சைக்கிள் சங்கம் கூடி, இது சைக்கிளே அல்ல என்று விதியை மாற்றி எழுதியது. அதன் பிறகு பந்தய வீரர்கள் இதைக் கைவிட்டார்கள். முதுகு வலிக்காரர்களும், முழங்கால் தேய்ந்தவர்களும், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களும், வேடிக்கைக்காகவே எதையும் ஓட்டுகிறவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

பாஸாவில் டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று நதிகள் கூடுகின்றன. பழைய நகரசபைக் கட்டடத்தின் சுவரில் ஒவ்வொரு வெள்ளமும் எந்த உயரத்துக்கு வந்தது என்று கோடு போட்டு வருடம் எழுதி வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் நதி 12.89 மீட்டர் தொட்டது. 1501-க்குப் பிறகு அவ்வளவு உயரம் வந்ததில்லை. அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, வாடகை வண்டியில் போய்ச் சாய்ந்தேன்.

வண்டியை ஆளுக்கேற்றபடி அளவெடுப்பது தையல்காரர் வேலை மாதிரி. முன்னால் பெடலைத் தாங்கும் குழாய் உள்ளும் புறமும் நகரும். குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். ஒரு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் மாலையில் முழங்கால் கணக்குக் கேட்கும். குழாயை அதிகம் நகர்த்தினால் செயினில் கண்ணிகளைச் சேர்க்கவோ கழற்றவோ வேண்டியிருக்கும். அந்தச் செயின் சாதாரண சைக்கிள் செயினைப் போல மூன்று மடங்கு நீளம்.

அடுத்து, காலைப் பெடலோடு பிணைக்கும் ஏற்பாடு. இதில் சமரசம் கூடாது. வேகமாகப் போகும்போது கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி முன்னேறிக்கொண்டே காலை அடியில் இழுத்துவிடும். கணுக்கால் முறியும். அதனால் பூட்டிக்கொள்ளும் காலணி, இல்லாவிட்டால் குதிகாலைத் தாங்கும் வார் கட்டாயம். இரண்டாவது கட்டாயம் கண்ணாடி. சாய்ந்து உட்கார்ந்தவரால் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாது. இரு பக்கமும் கண்ணாடி வேண்டும்.

மோட்டாரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. இது மொபெட் அல்ல. ஐரோப்பிய விதிப்படி மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. மிதித்தால்தான் மோட்டார் உதவும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிடும். மணிக்கு 25 கி.மீ. தொட்டதும் ஒதுங்கிக்கொள்ளும். அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் உங்கள் தொடைதான் பொறுப்பு. வேலையை நமக்குப் பதிலாகச் செய்கிறவர் ஒருவர், நம்மோடு சேர்ந்து தோள் கொடுக்கிறவர் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் இந்த மோட்டார் இரண்டாவது ரகம்.

முதல் நாள் 45 கி.மீ. டான்யூப்பின் தென்கரையில் ஷ்லோகன் வரை. கரையோரப் பாதைக்கு ஒரு பழைய கதை உண்டு. நீராவிக் கப்பல் வருவதற்கு முன், உப்பும் தானியமும் ஏற்றிய படகுகளை நீரோட்டத்துக்கு எதிராகக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன. அந்தக் குதிரைகள் நடந்த தடத்தையே பல இடங்களில் 1980களில் சைக்கிள் பாதையாக ஆக்கினார்கள். சுமை இழுக்கும் குதிரை நடந்த தடம் என்பதால் ஏற்றம் இல்லை, திடீர்த் திருப்பம் இல்லை. அட்லான்டிக் கடற்கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 என்ற நெடும் சைக்கிள் வழியில் இது ஒரு துண்டு.

இரு சக்கர சைக்கிளில் போகும்போது பெரும்பாலும் பார்ப்பது சாலையை. இதில் பார்ப்பது வானத்தை. இரு பக்கமும் மலைக்காடு, நடுவே நதி, அதன் மேல் நீளமான ஒரு வானத் துண்டு. தலையைத் தூக்காமலே எல்லாம் கண்ணுக்குள் வருகிறது. மணிக்கட்டில் பாரம் இல்லை. உட்காரும் இடத்தில் எரிச்சல் இல்லை. முதுகெலும்பின் மேல் ஏறும் சுமையை வலைத்துணி சீட் முழு முதுகுக்கும் பகிர்ந்து கொடுத்துவிடுகிறது. எதிரே வரும் குழந்தைகள் ஒவ்வொன்றும் கை ஆட்டுகிறது. கிழவர்கள் நிறுத்தி விலை கேட்கிறார்கள். மோட்டாரோடு நல்ல வண்டி ஐயாயிரம் யூரோவுக்கு மேல் என்றதும் சீட்டிலிருந்து கையை எடுத்துக்கொள்கிறார்கள்.

உடம்புக்கு இலவசமாக எதுவும் வருவதில்லை. சைக்கிளில் வேலை செய்யாத தசைகள் இதில் வேலை செய்கின்றன. முதல் இரண்டு நாள் தொடையின் மேற்பகுதியும் இடுப்பும் புதுச் செருப்பு மாதிரி கடித்தன. இன்னொரு ஆபத்தும் உண்டு. இரு சக்கரத்தில் ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிக்கலாம். அதற்கு மேல் உடம்பின் எடைதான் எல்லை. இதில் முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து எடையை விட அதிக பலத்தோடு மிதித்துவிட முடியும். அந்த வீரம் எல்லாம் முழங்கால் மூட்டின் மேல் விழும். மருந்து சுலபமானது: கியரைக் குறை, காலை வேகமாகச் சுற்று, மோட்டாரின் உதவியை ஒரு படி ஏற்று. மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச்சு நிற்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றது. நதிக்கரையில் அந்த ஒரு வாரக் கணக்கு முதல் இரண்டு நாளிலேயே தீர்ந்துவிட்டது.

ஷ்லோகனில் டான்யூப் ஒரு பாம்பு போல வளைந்து, வந்த திசைக்கே ஏறக்குறையத் திரும்புகிறது. கருங்கல் மலையை உடைக்க முடியாத நதி அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. இரண்டாம் நாள் அந்த வளைவைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிந்து சமவெளியாகிறது. ஆல்கோவன் என்ற ஊருக்கு அருகே, பாதையிலிருந்து சில கி.மீ. விலகி, வயல்களுக்கு நடுவே நான்கு மூலையிலும் கோபுரம் வைத்த அழகான மாளிகை ஒன்று நிற்கிறது. பெயர் ஹார்ட்ஹைம். சுற்றுலாப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த என் மனைவி, "என்னங்க, இந்த இடத்தை விட்டுட்டுப் போகக் கூடாது" என்றாள்.

1898-இல் ஒரு பிரபு இந்த மாளிகையை உடல், மன ஊனமுற்றோரைப் பராமரிக்கத் தானமாகக் கொடுத்தார். நாற்பது வருடம் அதற்காகவே இயங்கியது. 1940-இல் நாஜிகள் உள்ளே விஷவாயு அறையும் சுடலை உலையும் கட்டினார்கள். காப்பகங்களிலிருந்தும் மனநோய் மருத்துவமனைகளிலிருந்தும் ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 'வாழத் தகுதியற்ற உயிர்' என்பது அவர்கள் வைத்த பெயர். 1941 ஆகஸ்ட் வரை மட்டும் இங்கே 18,000-க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். பின்னர் மௌட்ஹவுசன் போன்ற வதை முகாம்களில் உழைத்து ஓய்ந்துபோன கைதிகளையும் இங்கே அனுப்பினார்கள். 1944-க்குள் மொத்தம் சுமார் 30,000 பேர். குடும்பங்களுக்குப் பொய்யான காரணம் எழுதிய மரணச் சான்றிதழ் தபாலில் போனது.

2003 முதல் இது நினைவிடம். 'உயிரின் மதிப்பு' என்ற பெயரில் ஒரு கண்காட்சியும் இருக்கிறது. நடக்க முடியாதவர், பேச முடியாதவர், உழைக்க முடியாதவர் சமூகத்துக்கு என்ன செலவு வைக்கிறார் என்று கூட்டிக் கழித்துப் பள்ளிக்கூடக் கணக்காகவே அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கொலை, உலையில் தொடங்கவில்லை. அந்தக் கணக்கில் தொடங்கியது. வெளியே வந்து என் வண்டியில் சாய்ந்தபோது, அது வெறும் விளையாட்டு வண்டியாகத் தெரியவில்லை. சமநிலை நரம்பு செத்துப்போன ஒருவனுக்காக யாரோ ஒரு எஞ்சினியர் உட்கார்ந்து யோசித்து, சக்கரத்தை இப்படி வைத்து, சீட்டை அப்படிச் சாய்த்து, 'நீயும் வா' என்று சொன்னது போல இருந்தது. பாதைக்குத் தகுந்த உடம்பைத் தேடுவது ஒரு நாகரிகம். உடம்புக்குத் தகுந்த வண்டியைச் செய்வது வேறு நாகரிகம். இரண்டும் ஒரே நதிக்கரையில் நடந்திருக்கின்றன.

அன்று மாலை லின்ஸ். என் தகப்பனார் வேலை பார்த்த ரூர்கேலாவில் வளர்ந்தவன் நான். அங்கே எஃகு ஆலைக்காரர்கள் வீட்டில் 'எல்.டி.' என்ற இரண்டெழுத்தை அறியாத பிள்ளை கிடையாது. உருகிய இரும்பின் மேல் ஆக்சிஜனைப் பீய்ச்சி எஃகு ஆக்கும் முறை அது. இந்தியாவில் முதலில் அந்த முறை வந்தது ரூர்கேலாவுக்கு. எல். என்றால் லின்ஸ், டி. என்றால் டோனவிட்ஸ் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? 1952-இல் லின்ஸ் ஆலையில்தான் அது தொழில் முறையில் தொடங்கியது. நகரத்துக்குக் கிழக்கே அந்த ஆலையின் புகைபோக்கிகளைப் பார்த்தபோது சொந்த ஊர்க்காரரைச் சந்தித்தது போல இருந்தது.

லின்ஸ் விடுதியின் சைக்கிள் அறையில் தினசரிப் பராமரிப்பு பழகிவிட்டது. பதினைந்து நிமிட வேலை. முதலில் காற்று. மூன்று டயரிலும் அழுத்தம் சரியாக இல்லாவிட்டால் மோட்டார் வீணாக பாட்டரியைத் தின்னும். அடுத்து பிரேக். பல வண்டிகளில் இடது லீவர் இடது முன் சக்கரத்தையும் வலது லீவர் வலது சக்கரத்தையும் பிடிக்கும். ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் அழுத்தும்போது வண்டி மறுபக்கம் இழுக்கும். பிறகு செயின். அது சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் ஓடுகிறது. நடுவில் ஒரு சின்னச் சக்கரம் அதைத் திசை திருப்புகிறது. துணியால் துடைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மிச்சத்தை மறுபடி துடைக்க வேண்டும். எண்ணெய் அதிகமானால் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும்.

இந்த வண்டிக்கே உரிய நோய் ஒன்று உண்டு. முன் சக்கரங்கள் இரண்டும் ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். முன்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்கலாம். காரில் வீல் அலைன்மென்ட் பார்க்கிறோமே, அதேதான். கல்லில் இடித்தோ குழியில் விழுந்தோ இது கலைந்தால், இரண்டு டயரும் சாலையில் தேய்ந்துகொண்டே போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உழைக்க வேண்டிய டயர் சில நூறில் துணி தெரிய ஆரம்பிக்கும். பார்க்க மெஷின் வேண்டாம். டேப்பால் இரண்டு டயருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அச்சு உயரத்தில் முன்னாலும் பின்னாலும் அளந்தால் போதும்.

பாட்டரியும் ஒரு வகையில் வயதான மனிதர்தான். அளவுக்கு மீறிய வெயிலும் ஆகாது, உறைய வைக்கும் குளிரும் ஆகாது. பல மாதம் ஓட்டாமல் வைப்பதானால் முழுதாகவும் நிரப்பக்கூடாது, காலியாகவும் விடக்கூடாது. பாதிக்கு மேல் வைப்பது நல்லது. என் வண்டியில் இருந்தது 500 வாட் ஹவர் பாட்டரி. அதாவது அரை யூனிட். ஏழு நாளும் முழுதாக ஏற்றி முழுதாகச் செலவழித்திருந்தாலும் மொத்தப் பயணத்துக்கும் மூன்றரை யூனிட். நம் ஊரில் ஒன்றரை டன் ஏ.சி. சில மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும்.

மூன்றாம் நாள் லின்ஸிலிருந்து கிரைன் வரை 60 கி.மீ. வழியில் மௌட்ஹவுசன். ஆற்றங்கரையில் அழகான சின்ன ஊர். மேலே மலையில் 1938 முதல் 1945 வரை இயங்கிய வதை முகாம். வியன்னா நகரத் தெருக்களுக்குக் கல் பாவிய அதே கருங்கல் குவாரிகளில் கைதிகள் கல் சுமந்தார்கள். குவாரியிலிருந்து மேலே வரும் படிகள் 186. சுமார் 1,90,000 பேர் இந்த முகாமிலும் அதன் கிளைகளிலும் அடைக்கப்பட்டார்கள். குறைந்தது 90,000 பேர் இறந்தார்கள். முகாமுக்குப் போகும் சாலை செங்குத்தானது. இந்தப் பயணத்தில் மோட்டாரின் உச்ச உதவியை முழுதாகக் கேட்டது அந்த ஏற்றத்தில்தான். இறங்கும்போது வேறு பாடம். மூன்று சக்கரம் விழாது என்பது நேர்ச்சாலையில்தான் உண்மை. வேகமாக வளைவில் திரும்பினால் உட்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவின் உட்புறமாக உடம்பைச் சாய்க்க வேண்டும்.

நான்காம் நாள், இப்ஸ் அருகே 1959-இல் கட்டி முடித்த அணை மேலேயே சைக்கிளில் நதியைக் கடக்கலாம். ஆஸ்திரியாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நீர்மின்சாரம். டான்யூப் மேலேயே வரிசையாக அணைகள். அந்தக் கணக்கில், நான் நதியின் ஓரமாகப் போகவில்லை. நதிதான் என்னைத் தள்ளிக்கொண்டு போனது.

அணை தாண்டிய சில மைலில் முன் டயரில் முள். இங்கேதான் இந்த வடிவத்தின் அருமை. முன் சக்கரம் இரண்டும் ஸ்கூட்டர் சக்கரம் போல ஒரே பக்கம் பிடிக்கப்பட்டவை. சக்கரத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை. வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, டயரை உருவி, டியூபை வெளியே இழுத்து, பஞ்சர் ஒட்டி, மறுபடி திணித்துவிடலாம். இருபது நிமிடம். பின் சக்கரத்தில் முள் ஏறியிருந்தால் கியர், செயின் எல்லாம் குறுக்கே வந்து ஒரு மணி நேரம் தின்றிருக்கும்.

மெல்க் நகரில் பாறை மேல் மஞ்சள் நிறத்தில் நிற்கிறது பெனடிக்டைன் மடம். 1702-இல் தொடங்கி 1736 வரை கட்டியது. அங்கிருந்து கிரெம்ஸ் வரை 36 கி.மீ. நீளம் வாகௌ பள்ளத்தாக்கு. 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்தத் துண்டில் அணை இல்லை. நதி தன் போக்கில் ஓடுகிறது. சரிவெல்லாம் கல் அடுக்கிய படிக்கட்டு வயல்களில் திராட்சை. கீழே ஆப்ரிகாட் தோப்பு. ஜூலை அதன் அறுவடைக் காலம். வழியோரம் கூடையில் பழம் இருக்கிறது, பக்கத்தில் காசு போட ஒரு டப்பா இருக்கிறது, ஆள் இல்லை. சாய்ந்தபடி ஒரு கையில் பழத்தோடு மிதிப்பது இரு சக்கரத்தில் நடக்காத சுகம்.

வில்லன்டார்ஃப் கிராமத்தில் 1908-இல் ரயில் பாதை போடும்போது 11 செ.மீ. உயரமுள்ள சுண்ணாம்புக்கல் பெண் சிலை ஒன்று கிடைத்தது. வயது சுமார் 30,000 வருடம். அசல், வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். கொஞ்சம் தள்ளி ஸ்பிட்ஸ் ஊரில் எதிர்க்கரைக்குப் படகு. அதில் எஞ்சின் கிடையாது. ஆற்றின் குறுக்கே கட்டிய இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நீரோட்டம் தள்ளும் தள்ளிலேயே கரை சேர்கிறது. மோட்டார் வைத்த சைக்கிள், மோட்டார் இல்லாத படகில் ஏறியது. எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் டூர்ன்ஷ்டைன் கோட்டை இடிபாடு. இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு 1192-93 குளிர்காலத்தில் இங்கே சிறையிருந்தார்.

எல்லாம் சுகம் என்று எழுதினால் அது விளம்பரமாகிவிடும். கார் நுழையாமலிருக்கப் பாதையில் நடும் கம்பங்களுக்கு நடுவே சைக்கிள் வழுக்கிக்கொண்டு போகும். மூன்று சக்கர வண்டி சில இடங்களில் அங்குல அங்குலமாகத்தான் போகும். மூன்று இடங்களில் இறங்கித் தூக்க வேண்டியிருந்தது. மோட்டாரோடு முப்பது கிலோவை ஒருவர் தூக்க முடியாது. மனைவி ஒரு பக்கம் பிடித்தாள். "பாலன்ஸ் இல்லாதவருக்குன்னு வண்டி செய்யறாங்க, அதை ரெண்டு பேர் தூக்கணும்னா எப்படி?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தனியாக வருகிறவர் வழியில் யாரையாவது கூப்பிடத்தான் வேண்டும். ரயிலில் சைக்கிளுக்கு இடம் உண்டு. இந்த அகலத்துக்கும் நீளத்துக்கும் இடம் கிடைப்பது எளிதல்ல. வாடகைக் கடைக்காரரோடு வியன்னாவிலேயே வண்டியை ஒப்படைக்க முன்கூட்டியே பேசிக்கொண்டது நல்லதாயிற்று.

ஆறாம் நாள், டுல்ன் போகும் வழியில் ஸ்வென்டன்டார்ஃப் அணுமின் நிலையம். முழுதாகக் கட்டி முடித்தும் ஒரு நாள்கூட ஓடாத நிலையம். 1978 நவம்பர் 5-இல் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில் 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதோடு சரி. இன்று அந்த வளாகத்தில் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. ஏழாம் நாள் கிளாஸ்டர்நோய்பர்க் மடத்தைத் தாண்டி, டான்யூப் கால்வாய் ஓரமாக வியன்னாவுக்குள் நுழைந்தோம். நகரத்துக்குள் டிராம் தண்டவாளம் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளுமோ என்று சைக்கிள்காரர்கள் பயப்படுகிறார்கள். மூன்று சக்கரத்துக்கு அந்தக் கவலை இல்லை. வேறு கவலை உண்டு: பஸ்ஸின் சக்கரம் நம் கண் மட்டத்தில் உருள்கிறது.

அந்தக் கடைசிக் காட்சிதான் நம் ஊர்களை நினைக்க வைக்கிறது. 250 வாட், மணிக்கு 25 கி.மீ. எல்லைக்குள் வரும் மின் சைக்கிளுக்கு இந்தியாவிலும் பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். சட்டம் குறுக்கே நிற்கவில்லை, சாலை நிற்கிறது. ஒன்றேகால் அடி உயரத்தில் உட்கார்ந்து புனேயிலோ ஹைதராபாத்திலோ லாரிக்கு முன்னால் போவது தைரியம் அல்ல. காலை ஐந்தரை மணிக்குக் குடியிருப்புச் சாலை, பல்கலைக்கழக வளாகம், கடற்கரைச் சாலையின் வண்டியில்லாத நேரம் என்று இடம் பார்த்து ஓட்டலாம். வெயிலும் தூசியும் மழையும் உள்ள நாட்டில் செயினை இன்னும் அடிக்கடி துடைக்க வேண்டும். பாட்டரியை வெயிலில் விடக்கூடாது. வாங்குமுன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

சாலையை விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. மூன்று சக்கர சைக்கிள் நமக்குப் புதிதல்ல. கான்பூரில் உள்ள மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ, கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டிகளையும் மோட்டார் வைத்தவற்றையும் செய்து தருகிறது. முகாம் போட்டு, மாலை மரியாதையோடு, மந்திரி கையால் கொடுக்கிறார்கள். அது ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கால். ஆனால் அதில் உட்கார்ந்திருப்பவரை நாம் பார்க்கிற பார்வையில் பரிதாபம் மட்டும்தான். அவர் அதில் ஆப்ரிகாட் தின்றுகொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு, காரணமே இல்லாமல் 300 கி.மீ. போகலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வேலைக்குப் போக வண்டி கொடுப்பது உதவி. ஊர் சுற்றப் பாதை கொடுப்பதும் உரிமைதான்.

நல்ல உடம்பு உள்ளவருக்கும் இதில் சேதி உண்டு. எண்பது வயது வரை இரு சக்கரத்தில் நிற்கும் சமநிலை யாருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டதல்ல. முழங்காலோ, முதுகோ, காதுக்குள் ஒரு நரம்போ, ஏதாவது ஒன்று ஒரு நாள் ராஜினாமா செய்யும். அன்று வீட்டுக்குள் முடங்குவதா, உட்காரும் முறையை மாற்றிக்கொண்டு வெளியே போவதா என்பதை உடம்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. வாசலில் என்ன வண்டி நிற்கிறது, வாசலுக்கு வெளியே என்ன பாதை இருக்கிறது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது.